பக்கத்து சீட்டு பிரேக்

"என் பையை எங்கதான் வைக்கறது?" என்று மூன்றாவது தடவையாகக் கேட்டாள் மனைவி.

ஐந்து மணிக்குக் கிளம்புவதாகப் பேச்சு. இப்போது மணி ஐந்து நாற்பது. காரின் டிக்கி திறந்து கிடந்தது. மாஸ்டரின் தலையும் பாதி உடம்பும் அதற்குள் போயிருந்தன.

"கொஞ்சம் பொறு. பாதுகாப்புச் சாமான் எல்லாம் முதல்ல உக்காரட்டும்."

"அதெல்லாம் ஜம்முனு உக்காந்தாச்சு. நாம உக்கார இடம் இருக்கான்னு பாருங்க."

டிக்கிக்குள் ஒரு தீயணைப்பு சிலிண்டர் இருந்தது. இழுவைக் கயிறு, முதலுதவிப் பெட்டி, அந்தப் பெட்டி கைக்கு எட்டாமல் போனால் எடுக்க இன்னொரு குட்டி முதலுதவிப் பெட்டி, நடுரோட்டில் நின்றுவிட்டால் வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் வைக்க இரண்டு சிவப்பு முக்கோணங்கள், ஆளுக்கு ஒன்றாகப் பளபளக்கும் மஞ்சள் சட்டை மூன்று. இருபது லிட்டர் தண்ணீர் கேன் மட்டும் எந்தப் பக்கம் திருப்பினாலும் அடங்கவில்லை. மாஸ்டர் யோசித்தார். ஸ்டெப்னி டயரை வெளியே எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தார். அந்தப் பள்ளத்தில் கேன் அளவெடுத்த மாதிரி இறங்கியது.

"பாத்தியா, எதுக்கும் பொறுமை வேணும்" என்றார், வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

பின் சீட்டில் மைத்துனர் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்து பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்திருந்தார். மனைவியின் தம்பி. எங்கே கிளம்பினாலும் முதலில் ஏறுவார், கடைசியில் இறங்குவார், நடுவில் தூங்குவார். "மாமா, கிளம்பறதுக்கு முன்னாடியே பாதி பாக்கெட் தீந்துடுச்சு" என்று தன் பங்குக்கு ஒரு எச்சரிக்கை கொடுத்தார்.

மாஸ்டர் இருபத்திரண்டு வருடமாகக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். நேரில் பார்த்தால் எல்லோரும் 'மாஸ்டர்' என்பார்கள். முதுகைத் திருப்பினால் 'பிரேக் மாஸ்டர்'. பயிற்சி வண்டியில் பக்கத்து சீட்டின் கீழும் ஒரு பிரேக் உண்டு, கற்றுக்கொள்பவர் தடுமாறினால் மாஸ்டர் அமுக்குவதற்கு. அவர்கள் தடுமாறாவிட்டாலும் இவர் அமுக்குவார். இவரிடம் படித்த பலர் லைசென்ஸ் வாங்கி வருடக்கணக்காகியும் வண்டி தானாக நிற்கும் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அவர்களிடம் இருந்தது அந்த ஒரே வண்டிதான். மஞ்சள் நிறம். கூரையில் ஸ்கூல் பலகை. முன்னும் பின்னும் சிவப்பில் எல் எழுத்து. பின் கண்ணாடியில் அவரே கைப்பட எழுதிய வாசகம்: 'கற்றுக்கொள்பவர் ஓட்டுகிறார். இடைவெளி விடவும்.'

"பேசாம பஸ்ல போயிருக்கலாம்" என்றாள் மனைவி, பையை மடியில் வைத்துக்கொண்டு. "முந்நூறு கிலோமீட்டர். ஏறி உக்காந்தா தூங்கி எழுந்திரிக்கறதுக்குள்ள ஊர் வந்துடும்."

"பஸ்ஸா? எவன் ஓட்டறானோ, அவனுக்கு எவன் சொல்லிக்குடுத்தானோ. முன்பின் தெரியாத ஒருத்தன் கையில நம்ம உசுரைக் குடுக்கறதா?"

"தெரிஞ்சவர் கையில குடுக்கறதுக்குத்தான் பயமா இருக்கு."

மாஸ்டர் அதைக் காதில் வாங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட அட்டையை எடுத்தார். கிளம்புமுன் மாணவர்கள் ஒப்பிக்க வேண்டிய பட்டியல் அது. இன்று மனைவி ஒப்பிக்க வேண்டியிருந்தது.

"டயர் காத்து?"

"இருக்கு."

"ரேடியேட்டர் தண்ணி?"

"இருக்கு."

"ஸ்டெப்னி?"

"இருக்கு, இருக்கு. எல்லாம் இருக்கு. கிளம்புங்க, மூணு மணிக்கு அங்க இருக்கணும்."

மூன்று மணி என்றதும் மாஸ்டரின் கை பரபரத்தது. அட்டையை உள்ளே போட்டுக்கொண்டார்.

விஷயம் இதுதான். போன வாரம் மகள் போன் செய்தாள். அம்மாவிடம் அரைமணி பேசிவிட்டு, "அப்பாகிட்ட குடும்மா" என்றாள். இரண்டு வருடமாக மகள் அப்படிக் கேட்டதில்லை. மாஸ்டர் போனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு "சொல்லும்மா" என்றார். மனைவிதான் திருப்பிக் கொடுத்தாள்.

"அப்பா, ஞாயித்துக்கிழமை எங்க ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு நீங்க வரணும். மூணு மணி பஸ்ல ஒருத்தர் வருவாங்க. பஸ்ஸை விட்டு இறங்கறப்பவே நீங்க அவங்களைப் பாக்கணும்."

"யாரும்மா?"

"வந்து பாருங்க. லேட்டா வந்தீங்கன்னா அப்புறம் அதுல அர்த்தமே இல்ல."

அன்றிலிருந்து வீட்டில் ஒரே ஆராய்ச்சி. பையன்தான் என்றாள் மனைவி. பையனேதான் என்றார் மைத்துனர். மாஸ்டருக்கும் சந்தேகமில்லை. ஆனால் யார் அந்தப் பையன், என்ன வேலை என்பதெல்லாம் அவருக்கு இரண்டாம் பட்சம். மகள் தன்னைக் கூப்பிட்டுவிட்டாள் என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மகளுக்கு இதே வண்டியில் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். மூன்றே வகுப்பு. மூன்றாம் நாள் ஒரே தெருவில் பதினோரு தடவை பிரேக் அமுக்கினார். மகள் வண்டியை ஓரமாக நிறுத்தினாள், சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள். "வண்டியை நான் ஓட்டறேனா, நீங்க ஓட்டறீங்களா? ரெண்டு பேரும் ஓட்டினா எப்படிப்பா?" என்று கேட்டுவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனாள். அடுத்த மாதம் வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது. ஏதோ கம்பெனி, ஷிஃப்ட் வேலை. அதற்குமேல் அவரிடம் அவளும் சொல்லவில்லை, அவருக்கும் கேட்க வாய் வரவில்லை.

ஆறு பத்துக்கு வண்டி தெருமுனையைத் தாண்டியது.

முதல் இரண்டு மணி நேரம் மாஸ்டரே ஓட்டினார். அவருக்கு ஓட்டத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் வருடக்கணக்காகப் பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்து பழகியவர், டிரைவர் சீட்டில் உட்கார்ந்ததும் வேற்று வீட்டுக்கு வந்தவர் மாதிரி ஆகிவிட்டார். அறிவுரை சொல்ல ஆள் இல்லாததால் தனக்கே சொல்லிக்கொண்டார். "கிளட்ச்சை மெதுவா விடு. பதறாத. கண்ணாடி பாரு. யாரு ஹாரன் அடிச்சாலும் நீ உன் வழியில போ."

"நான் எங்கங்க போறது?" என்றாள் மனைவி.

"உன்னைச் சொல்லல."

ஓர் இறக்கத்தில் சைக்கிளில் வந்த பெரியவர் ஒருவர் இவர்களைத் தாண்டினார். தாண்டும்போது ஜன்னலில் எட்டிப் பார்த்து, "வண்டியில ஏதும் கோளாறா?" என்று அக்கறையாகக் கேட்டுவிட்டுப் போனார்.

எட்டு பத்துக்கு மாஸ்டர் வண்டியை ஓரங்கட்டினார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஓட்டுபவர் மாற வேண்டும் என்பது அவர் விதி. அதுவரை எண்பது கிலோமீட்டர் வந்திருந்தார்கள். மனைவி இறங்கி, சுற்றி வந்து டிரைவர் சீட்டில் ஏறினாள். மாஸ்டர் பக்கத்து சீட்டுக்கு மாறினார்.

மனைவி நன்றாகவே ஓட்டுவாள். இந்த வீட்டில் யாரும் வெளியே சொல்லாத விஷயம், அவள் கற்றுக்கொண்டது எதிர்த் தெரு டிரைவிங் ஸ்கூலில். மாஸ்டரிடம் ஒரு வாரம் முயன்று பார்த்துவிட்டு அங்கே போய்ச் சேர்ந்தாள். அந்தக் காயம் பதினெட்டு வருடமாகியும் மாஸ்டருக்கு ஆறவில்லை.

முன்னால் ஒரு லாரி. மனைவி கண்ணாடி பார்த்தாள், இண்டிகேட்டர் போட்டாள், ஒதுங்கித் தாண்டப் போனாள். வண்டி திணறிப் பின்வாங்கியது. மறுபடி போனாள். மறுபடியும் அப்படியே.

"காலை எடுங்க."

"நான் அமுக்கல. கால் தானாப் போகுது."

"உங்க கால் உங்க பேச்சையே கேக்காதா?"

ஐந்து தடவை அதே லாரியின் பின்னாலேயே வந்து ஒட்டிக்கொண்டார்கள். லாரியின் பின்புறம் எழுதியிருந்த எல்லாவற்றையும் மைத்துனர் மனப்பாடம் செய்துவிட்டார். ஆறாவது தடவை மனைவி சாலையை விட்டு ஒதுங்கி, வண்டியை அணைத்தாள்.

"பின்னாடி போய் உக்காருங்க" என்றாள்.

"பின்னாடியா? இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல நான் பின் சீட்டுல..."

"மூணு மணி."

மாஸ்டர் பின்னால் போனார். மைத்துனர் முன்னால் வந்தார். வண்டி சீறிக்கொண்டு கிளம்பியது. லாரியைத் தாண்டிற்று, இன்னும் இரண்டு லாரியைத் தாண்டிற்று. மனைவியின் முகத்தில் காலையிலிருந்து முதல் தடவையாக ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. மைத்துனர் வழக்கப்படி தூங்கிவிட்டார்.

இருபது நிமிடம் போயிருக்கும். "ஏதோ கருகுது" என்றார் மாஸ்டர்.

"உங்க வயிறாத்தான் இருக்கும். நான் தாண்டறதைப் பாத்து எரியும்."

"இல்ல, நிஜமாவே கருகுது. வண்டி இழுக்கலையே, உனக்குத் தெரியலையா?"

தெரிந்துதான் இருந்தது. எவ்வளவு அமுக்கினாலும் வேகம் ஏறவில்லை. அப்போதுதான் மனைவி திரும்பித் தம்பியைப் பார்த்தாள். ஆள் சீட்டைச் சாய்த்து, கால்களை நீட்டி, பக்கத்து சீட்டு பிரேக்கின் மேல் இரண்டு பாதத்தையும் சுகமாக வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். முன் சக்கரங்களிலிருந்து புகை கிளம்பி ஜன்னல் வரை வந்துவிட்டது.

வண்டி நின்றது. மைத்துனர் கண் விழித்தார், புகையைப் பார்த்தார். தீயணைப்பு சிலிண்டரை எப்படிப் பிடிப்பது என்று மாஸ்டர் மூன்று நாளாக அவருக்குப் பாடம் எடுத்திருந்தார். அத்தனையும் அவர் மனதில் பதிந்திருந்தது என்பது இப்போதுதான் தெரிந்தது. பாய்ந்து போய் டிக்கியைத் திறந்தார், பின்னைப் பிடுங்கினார், குழாயை நீட்டினார், அமுக்கினார். சக்கரம், பானெட், கண்ணாடி, 'வேண்டாம் மாப்ள, அது வெறும் புகை' என்று சொல்லிக்கொண்டே குறுக்கே வந்த மாஸ்டர், எல்லாம் ஒரே வெள்ளை.

"நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன் மாமா" என்றார் மைத்துனர், காலி சிலிண்டரைக் கையில் பிடித்துக்கொண்டு.

அதில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. மாஸ்டர் புருவத்தில் படிந்திருந்த சிலிண்டர் மாவை வழித்து எறிந்தார்.

பிரேக் ஆறும்வரை கிளம்பக் கூடாது என்றார். முன்னால் முப்பது தப்படியில் ஒரு முக்கோணம், பின்னால் முப்பது தப்படியில் ஒரு முக்கோணம் வைத்தார். மூவரும் பளபளக்கும் சட்டையைப் போட்டுக்கொண்டார்கள். வெள்ளை பூசிய மனிதரையும் வெள்ளை பூசிய வண்டியையும் பார்த்து வருவோர் போவோரெல்லாம் நின்று விசாரித்தார்கள். ஒருவர் தண்ணீர் பாட்டில் கொடுத்தார். இருபது லிட்டர் கேன் எல்லாச் சாமானுக்கும் அடியில் இருந்ததால் மாஸ்டர் அதை வாங்கிக் குடித்தார். வேறொருவர் துக்கம் விசாரிக்கிற குரலில், "எத்தனை பேருக்கு அடி?" என்றார். "இனிமேதான் விழப்போகுது" என்றாள் மனைவி, தம்பியைப் பார்த்துக்கொண்டு.

ஒரு மணி நேரம் போனது. இனி யார் எங்கே உட்காருவது என்று ஒரு பஞ்சாயத்து நடந்தது.

"நான் முன்னாடி வரேன்" என்றார் மாஸ்டர். "அவன் தூங்கிக்கிட்டே அமுக்கறான். நான் முழிச்சுக்கிட்டாவது அமுக்குவேன்."

"அமுக்கவே வேண்டாம்னுதான் சொல்றேன். காலை மேல தூக்கி சம்மணம் போட்டு உக்காருங்க. இறக்கினீங்க, நான் நடந்தே போயிடுவேன்."

மகள் நடந்து போனது மாஸ்டருக்கு ஞாபகம் வந்தது. உடனே சம்மணம் போட்டார்.

பின்னால் வைத்த முக்கோணத்தை எடுத்துவிட்டு வந்தவர், முன்னால் வைத்ததை மறந்துபோனார். வண்டியின் முன்கண்ணாடியில் இன்னும் பாதி வெள்ளையாக இருந்ததால் மனைவியும் அதைப் பார்க்கவில்லை. கிளம்பி முப்பதாவது தப்படியில் 'டொக்' என்று ஒரு சத்தம். முக்கோணத்தின் இரும்புக் கால் டயருக்குள் போய்விட்டது.

மாஸ்டர் அலட்டிக்கொள்ளவில்லை. இதற்காகத்தானே இத்தனை முன்னேற்பாடு. ஜாக்கியைப் போட்டார், போல்ட்டைக் கழற்றினார், சக்கரத்தை எடுத்தார். "மாப்ள, ஸ்டெப்னியை எடு" என்றார்.

மைத்துனர் டிக்கியிலிருந்த எல்லாவற்றையும் சாலையோரம் பரப்பினார். கடைசியில் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். "இதுதான் மாமா அங்க இருக்கு."

மாஸ்டர் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். "ஸ்டெப்னி இருக்குன்னு சொன்னியே."

"இருந்துச்சே. சுவத்துல சாஞ்சு நின்னுச்சு. கண்ணால பாத்துட்டுத்தான் சொன்னேன்."

"வண்டிக்குள்ள இருக்கான்னு கேட்டேன்."

"வண்டிக்குள்ளன்னு நீங்க கேக்கல. எடுத்து வெளியே வெச்சவர் நீங்க. உள்ள வைக்க வேண்டியவரும் நீங்கதான்."

மைத்துனர் ஒரு சரக்கு வேனை நிறுத்தி, சக்கரத்தோடு ஏறிப் பஞ்சர் கடை தேடிப் போனார். போனவர் ஒன்றே கால் மணி நேரம் வரவில்லை. பளபளக்கும் சட்டையைப் பார்த்து இவரைச் சாலை போடும் துறை ஆள் என்று நினைத்துவிட்ட பஞ்சர் கடைக்காரர், ஊர்ச் சாலையில் உள்ள ஒவ்வொரு குழியையும் பற்றிச் சொல்லித் தீர்த்த பிறகுதான் டயரைத் தொட்டாராம்.

அந்த நேரம் முழுக்க மாஸ்டர் மைல்கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். மணி பன்னிரண்டு அடித்துப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். நன்றாகத் திட்ட வேண்டும் என்றுதான் வந்தாள்.

"ரெண்டு வருஷத்துல ஒரே ஒரு தடவை கூப்பிட்டா" என்றார் மாஸ்டர். "அதுக்கும் நான் லேட்டாப் போய் நின்னா, அவ என்ன நினைப்பா?"

"உங்களைப் பத்தி அவளுக்குத் தெரியாததா?"

"அதான் பயமா இருக்கு."

அவர் கண் கலங்கியிருந்தது. மாவினால் என்று சொல்லிக்கொண்டார். மனைவிக்கு வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. புடவைத் தலைப்பால் அவர் முகத்திலிருந்த வெள்ளையைத் துடைத்துவிட்டாள். "போயிடலாம். இன்னும் நேரம் இருக்கு" என்றாள்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு மறுபடி கிளம்பினார்கள். நூற்றுப் பத்து கிலோமீட்டர் பாக்கி. மாஸ்டர் சம்மணம் கலைக்கவில்லை. ஒரு சின்ன ஊரின் பஸ் நிலையத்தைத் தாண்டும்போது ஒரு பச்சை பஸ் உள்ளிருந்து வெளியே வந்து இவர்களுக்குப் பின்னால் சேர்ந்துகொண்டது. பக்கத்து சீட்டுக்காரருக்கென்று பயிற்சி வண்டியில் தனியாக ஒரு கண்ணாடி உண்டு. மாஸ்டர் அதில் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"வந்துட்டான். இனி ஹாரன் அடிச்சே நம்மளை ரோட்டை விட்டுத் தள்ளுவான் பாரு."

பஸ் ஹாரன் அடிக்கவில்லை. நெருங்கவும் இல்லை. சாலை குறுகல்தான், ஆனாலும் தாண்ட இடம் பல தடவை கிடைத்தது. பஸ் தாண்டவில்லை.

"ஏன் இவன் தாண்ட மாட்டேங்கறான்?" மாஸ்டருக்கு இதுவும் எரிச்சலாக இருந்தது. "நீ ஒதுங்கிக் கையைக் காட்டு."

மனைவி ஒதுங்கி, கையை வெளியே நீட்டிப் போகச் சொன்னாள். பஸ்ஸும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு அதே தூரத்தில் பின்னாலேயே வந்தது. பஸ்ஸின் ஜன்னல்களில் தலைகள் நீண்டன. கண்டக்டர் படிக்கட்டில் நின்று உள்பக்கம் பார்த்து ஏதோ கையை ஆட்டினார். முன்கண்ணாடியில் வெயில் பட்டு மின்னியதால் டிரைவர் முகம் தெரியவில்லை.

மாஸ்டர் எண்ண ஆரம்பித்தார். அவர் வகுப்பில் முதல் நாள் பாடமே இதுதான். முன்னால் போகிற வண்டி ஒரு மரத்தைத் தாண்டியதும் எண்ண வேண்டும். நம் வண்டி அந்த மரத்துக்கு வருவதற்குள் மூன்று எண்ணியிருக்க வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் அதைக் கடைப்பிடித்த ஒருவரைக்கூட அவர் சாலையில் பார்த்ததில்லை.

"ஆறு" என்றார்.

"என்ன ஆறு?"

"ஆறு செகண்டு இடைவெளி விடறான். நான் சொல்லிக்குடுக்கறதே மூணுதான்." அவர் குரல் மாறிவிட்டது. "இவன்தான் டிரைவர். பஸ்ஸு நிறைய ஜனம், நேரமாச்சு, உள்ள இருக்கறவன் எல்லாம் கத்தறான், இவன் அசையறானா பாரு. எவன்கிட்டக் கத்துக்கிட்டானோ, அந்த வாத்தியாரைக் கையெடுத்துக் கும்பிடலாம்."

"பஸ்ஸுல போலாம்னு காலைல நான் சொன்னப்ப என்ன சொன்னீங்க?"

"இந்த மாதிரி ஆள் ஓட்டுவான்னு தெரிஞ்சிருந்தா வந்திருப்பேனே."

பின்னாலிருந்து மைத்துனர், "மாமா, பொண்ணு மூணு கிளாஸோட நிறுத்தாம இருந்திருந்தா அவளும் இப்படி ஓட்டியிருப்பா" என்று சொல்லி வைத்தார். சில பேருக்கு எப்போது எதைப் பேசுவது என்றே தெரியாது. மாஸ்டர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சம்மணம் போட்ட கால்கள் மரத்துப்போயின. மனைவி பார்க்காத நேரத்தில் மெல்லக் கீழே இறக்கினார். இறக்கிய இடத்தில் பிரேக் இருந்தது. காற்றில் ஒரு பிளாஸ்டிக் பை சாலையில் குறுக்கே உருண்டது. வண்டி கிறீச்சிட்டு நின்று எஞ்சின் அணைந்தது.

"என்னங்க இது?"

"பை. குறுக்க வந்துச்சு."

"அது பைங்க. உள்ள ஆளா உக்காந்திருக்கு?"

மாஸ்டர் பதறிக் கண்ணாடியைப் பார்த்தார். வேறு எந்த பஸ்ஸாக இருந்தாலும் இந்நேரம் பின்னால் வந்து இடித்திருக்கும். பச்சை பஸ் வெகு தூரத்தில், அவசரமே இல்லாமல், வந்து நின்றது. நிற்கப்போகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்த மாதிரி இருந்தது. ஹாரன்கூட அடிக்கவில்லை.

இப்படி இன்னும் நாலு தடவை நடந்தது. ஒரு நாய், ஒரு காய்ந்த கிளை, ஒரு மேகத்தின் நிழல், கடைசியாக ஒன்றுமே இல்லாதது. மனைவி திட்டுவதை நிறுத்திவிட்டாள். திட்டுவதற்கு வார்த்தை தீர்ந்துபோயிருந்தது. நாலு தடவையும் பச்சை பஸ் அதே தூரத்தில் அமைதியாக நின்றது.

"ஊர் போனதும் முதல் வேலையா அந்த டிரைவருக்குக் கை குடுக்கணும்" என்றார் மாஸ்டர்.

"முதல் வேலையா மூணு மணி பஸ்ஸைப் பிடிக்கணும். மணி ரெண்டே முக்கால்."

ஊருக்குள் நுழையும்போது மூன்று ஐந்து. பஸ் நிலையத்து வாசலில் மனைவி வண்டியை நிறுத்தியபோது மூன்று பத்து. மாஸ்டர் மஞ்சள் சட்டையோடு, முடியெல்லாம் வெள்ளையாக இறங்கி ஓடினார். மரத்த கால் மடங்கியது, மைத்துனர் பிடித்துக்கொண்டார். மகளைக் காணோம். பையன் மாதிரியும் யாரும் தென்படவில்லை. விசாரணை ஜன்னலில் போய் மூச்சு வாங்கக் கேட்டார்.

"மூணு மணி பஸ் வந்துடுச்சா?"

"இன்னும் வரல. வழியில எவனோ குறுக்க நின்னு நின்னு போறானாம். போன் வந்துச்சு."

மாஸ்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "வரல" என்று மனைவியிடம் சத்தமாகச் சொன்னார். "நாம லேட் இல்ல. பஸ்ஸே வரல." சொல்லும்போது அவர் முகம் குழந்தை முகமாக இருந்தது. மனைவி தலைப்பை எடுத்து அவர் தலையைத் தட்டிவிட்டாள், மாப்பிள்ளைப் பையன் பார்க்கும்போது ஆள் கொஞ்சமாவது பார்க்கிற மாதிரி இருக்க வேண்டுமே என்று.

அப்போது அந்தப் பச்சை பஸ் நிலையத்துக்குள் திரும்பியது. இண்டிகேட்டர் போட்டு, நிதானமாக வளைந்து, கோட்டுக்குள் கனகச்சிதமாக நின்றது. முணுமுணுத்துக்கொண்டே ஜனங்கள் இறங்கினார்கள். நாலைந்து பேர் மாஸ்டரின் மஞ்சள் சட்டையைப் பார்த்து முறைத்தபடி போனார்கள்.

"நம்ம பஸ்ஸுதாங்க இது. மூணு மணி பஸ்ஸே இதுதான் போலிருக்கு" என்றாள் மனைவி. "நீங்க இங்கயே நில்லுங்க. பையன் இறங்கறப்ப பாக்கணும்."

"ஒரே நிமிஷம். அந்த டிரைவரைப் பாத்துட்டு வந்துடறேன். இந்த மாதிரி ஒரு ஆளை விட்டுட்டா இனிமே பாக்க முடியாது."

டிரைவர் பக்கத்துக் கதவை நோக்கி நடந்தவரைக் கண்டக்டர் வழிமறித்தார். வியர்த்து விறுவிறுத்து, தொண்டை கட்டி, ஒரு பஸ் ஜனத்தின் கோபத்தைத் தனியாகச் சுமந்துகொண்டிருந்தார்.

"உங்க டிரைவரைப் பாக்கணும்ங்க" என்றார் மாஸ்டர், கையை நீட்டியபடி. "நானும் இந்தத் தொழில்தான், இருபத்திரண்டு வருஷமா. முன்னாடி போற வண்டிக்கு இவ்வளவு இடைவெளி விட்டு ஓட்டற ஒரு டிரைவரை நான் இதுவரைக்கும் பாத்ததே இல்ல."

கண்டக்டர் அந்தக் கையைப் பார்த்தார். வெள்ளைத் தலையைப் பார்த்தார். வாசலில் நின்ற மஞ்சள் வண்டியையும் அதன் கூரைப் பலகையையும் பார்த்தார்.

"நீங்கதானா சார் அது? நீங்க கை காட்டினீங்க, ஜனம் கத்துச்சு, நானும் தொண்டை கிழியச் சொல்லிப் பாத்தேன், இன்னைக்குத்தான் முதல் தடவையா பஸ் எடுத்திருக்காங்க எங்க டிரைவரம்மா, தாண்டவே மாட்டேன்னுட்டாங்க: 'முன்னாடி பக்கத்து சீட்டுல எங்கப்பா உக்காந்திருக்கார், கால் பிரேக் மேலதான் இருக்கும், எப்ப அமுக்குவார்னு அவருக்கே தெரியாது'ன்னு."